மிஸ்டர் ஜான்சன் ரெடி!

பச்சைக் கண்ணாடியைக் காணவில்லை!

மேடைக்குப் பின்னால் ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய குறுகிய நடை. அதில் இந்தச் செய்தி காதோடு காதாகப் பரவுகிறது. கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், கறுப்புக் கான்வாஸ் ஷூ போட்ட பிள்ளைகள் குட்டி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையைத் துழாவுகிறார்கள். ஒருத்தி பொய்முடிப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டுகிறாள். ஒருவன் என் தையல் டப்பாவையே திறந்து பார்க்கிறான். ஸ்டேஜ் மேனேஜர் பதினாறு வயதுப் பெண். ஹெட்செட்டை மாட்டிவிட்டால் அந்தக் கட்டடத்தில் அவள் சொல்வதுதான் சட்டம். "கண்ணாடி வராமல் ரயில் கிளம்பாது" என்று மைக்கில் சொல்கிறாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மாடியில் லைட் போர்டு இருக்கும் இடத்திலிருந்து ஒரு குரல் இறங்கி வருகிறது: "என் மூக்குமேலதான் இருக்கு." விளக்கு வெளிச்சம் பட்டால் கண்ணாடி பளிச்சிடுமா என்று பார்க்க எடுத்துப் போனானாம். நடை முழுக்கச் சிரிப்பு.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி அது. மாணவர்களே எழுதி, மாணவர்களே இயக்கி, செட்டுக்கு ஆணி அடிப்பதும் அவர்களேயான ஒரு நாடகம் மேடையேறப் போகிறது. தையல் தெரிந்த பெரியவர்கள் உதவிக்கு வரலாம் என்று கேட்டிருந்தார்கள். ஊசி நூலோடு போனேன், திரைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டேன். பிள்ளைகள் எல்லாரும் பதினெட்டு வயதுக்குக் கீழே. அதனால் பள்ளியின் பெயரும் அவர்கள் பெயரும் இங்கே வராது. பாத்திரங்களின் பெயர் வரும். அவை வரலாற்றில் வாழ்ந்தவர்களின் பெயர்கள்.

எல்லன் கிராஃப்ட், வில்லியம் கிராஃப்ட். ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் ஊரில் அடிமைகளாக இருந்த கணவன் மனைவி. 1848 டிசம்பரில் ஆயிரம் மைல் தப்பி வந்து, கிறிஸ்துமஸ் விடியலில் இதே ஃபிலடெல்ஃபியாவில் இறங்கியவர்கள். எப்படி வந்தார்கள் என்பதைக் கேட்டால் யாருக்கும் உட்கார்ந்திருக்க முடியாது. காட்டு வழியாக அல்ல, இரவில் நட்சத்திரம் பார்த்தும் அல்ல. பட்டப்பகலில், டிக்கெட் வாங்கி, ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் ஏறி வந்தார்கள். எல்லன் மிஸ்டர் ஜான்சன் என்ற வெள்ளைக்கார இளம் பண்ணையாராக வேஷம் கட்டினாள். வில்லியம் அந்தப் பண்ணையாரின் அடிமையாக, பெட்டி தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

அதாவது, தப்பித்ததே ஒரு நாடகம்! நாடகக் கிறுக்குப் பிடித்த பிள்ளைகள் கையில் இந்தக் கதை கிடைத்தால் விடுவார்களா?

கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபிலடெல்ஃபியாவின் அரசுப் பள்ளிகளில் உயர்நிலைப் படிப்பை முடிக்க ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு கட்டாயப் பாடம். 2005ல் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் பெரிய நகரங்களில் இப்படிக் கட்டாயமாக்கிய முதல் நகரம் இதுதான். அந்த வகுப்பில் 'நிலத்தடி ரயில்பாதை' பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. அடிமைகளை ஒளித்து வைத்து வடக்கே கடத்திவிட்ட மறைமுக வலைப்பின்னலுக்கு அந்தப் பெயர். அதில் ரயிலும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. "அப்போ நிஜ ரயிலில் தப்பினவங்க யாருமே இல்லையா?" என்று பின்பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டானாம். ஆசிரியர் எல்லன், வில்லியம் எழுதிய சிறிய புத்தகத்தை அவன் கையில் கொடுத்தார். அந்தப் பையன்தான் இப்போது வில்லியமாக நடிக்கிறான். வசனத்தில் பாதி அவன் எழுதியது.

சரி, வேஷத்துக்கு வருவோம். நான் போனதே அதற்குத்தானே.

எல்லனின் அப்பா, அவள் அம்மாவை அடிமையாக வைத்திருந்த முதலாளியே. மேஜர் ஜேம்ஸ் ஸ்மித் என்று பெயர். பிள்ளை வெள்ளைத் தோலோடு பிறந்தது. வீட்டுக்கு வருபவர்கள் எல்லாம் குடும்பத்துப் பிள்ளை என்றே நினைத்தார்கள். முதலாளியின் மனைவிக்கு அதைத் தாங்க முடியவில்லை. எல்லனுக்குப் பதினொரு வயதானபோது தன் மகளின் கல்யாணத்துக்குச் சீதனமாகக் கொடுத்து அனுப்பிவிட்டாள். யோசித்துப் பாருங்கள், தன் சொந்த அக்காளுக்கே அடிமை. அந்த வீட்டில் எல்லன் தையல் வேலை செய்தாள்.

வில்லியம் தச்சன், கைதேர்ந்த மரவேலைக்காரன். அவனை ஒரு பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கூலி முதலாளிக்குப் போகும். மிச்ச நேரத்தில் செய்யும் வேலைக்குக் கொஞ்சம் காசு அவன் கையில் தங்கும். அந்தக் காசில்தான் தொப்பி, கோட்டு, கண்ணாடி எல்லாம். ஒரே கடையில் வாங்கினால் சந்தேகம் வருமென்று கடை கடையாக, வேறு வேறு நேரத்தில் வாங்கினான். மனைவிக்கு அவன் கையாலேயே செய்து கொடுத்த இழுப்பறைப் பெட்டி ஒன்று இருந்தது, பூட்டும் சாவியும் உள்ளது. வாங்கியதெல்லாம் அதற்குள் போனது. கால்சட்டையை மட்டும் எல்லனே தைத்தாள்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை. என் மடியில் கிடந்தது அதே கால்சட்டையின் மேடை வடிவம். நான் வெளிச்சமான அறையில், மெஷினில், பேசிச் சிரித்தபடி தைக்கிறேன். அவள் யாருக்கும் தெரியாமல் கையால் தைத்தாள். ஒவ்வொரு தையலிலும், மாட்டிக்கொண்டால் சவுக்கடி, அல்லது தெற்கே எங்கோ விற்றுவிடுவார்கள். இடுப்புப் பட்டையைப் பிரித்து இன்னொரு முறை சுத்தமாகத் தைத்தேன். அவள் தையல்காரி, கோணலாகத் தைத்திருக்க மாட்டாள்.

அந்தக் கால்சட்டைக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பட்டன்கள் வெறும் அலங்காரம். அடியில் காந்தம். 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும். ஏனென்றால் எல்லன் மிஸ்டர் ஜான்சனாக மாறும் காட்சியைத் திரைக்குப் பின்னால் ஒளிக்கவில்லை இந்தப் பிள்ளைகள். மேடையின் நடுவில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், ஒரு பாட்டு முடிவதற்குள் நடக்கிறது. பாவாடை கழன்று விழ, உள்ளே பேன்ட். கோட்டு ஏற, கழுத்தில் பட்டுத் துணி. அப்புறம் கத்தரிக்கோல்!

வில்லியம் தன் மனைவியின் கூந்தலைத் தானே வெட்டினான். மேடையிலும் வெட்டுகிறான். நிஜமாகவே வெட்டுகிறான்! நடிக்கும் பெண்ணின் சொந்தக் கூந்தல் ஏற்கனவே குட்டையாக வெட்டப்பட்டு, அதன்மேல் நீளச் சடைக் கற்றைகள் கிளிப்பில் மாட்டியிருக்கின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் புதுக் கற்றை. கத்தரி 'கிரிச்' என்று கடித்ததும் கற்றை தரையில் விழும். ஒத்திகையில் முதல் கற்றை விழுந்தபோது, விஷயம் தெரிந்த நாங்களே "ஐயோ" என்றோம். அந்த 'கிரிச்' கடைசி வரிசைக்கும் கேட்கிறது. மைக் எங்கே என்கிறீர்களா? அதுதான் இந்த நாடகத்தின் மிக அழகான திருட்டுத்தனம்.

எல்லனுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, மீசை தாடி இல்லாத முகம். இரண்டு, எழுதப் படிக்கத் தெரியாது. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது ஜார்ஜியாவில் சட்டப்படி குற்றம். வெள்ளைக்காரப் பண்ணையாரோ ஹோட்டலுக்கு ஹோட்டல் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் அவளே மருந்து கண்டுபிடித்தாள். வலது கையைத் தொட்டில் கட்டில் மாட்டினாள். கையில் வாதம், அதனால் எழுத முடியாது. தாடையைச் சுற்றி மருந்துப் பற்று வைத்துத் துணியால் கட்டினாள். பல்வலிக்காரன் போல இருக்கும், முகமும் மறையும், யாரும் பேச்சுக்கொடுக்க மாட்டார்கள். கண்ணை மறைக்கப் பச்சைக் கண்ணாடி. நோயாளிப் பண்ணையார், வைத்தியத்துக்காக ஃபிலடெல்ஃபியா போகிறார், துணைக்கு விசுவாசமான அடிமை. எவ்வளவு கச்சிதமான திரைக்கதை! இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் அவள் கணவனும் சில நாள்களுக்குள் இதை முழுக்க யோசித்து முடித்திருக்கிறார்கள்.

ஆனால் மேடையில் அந்தத் தாடைக் கட்டு பெரிய தலைவலி. துணியைக் கட்டியதும் எல்லன் பேசுவது மூன்றாவது வரிசைக்கே கேட்கவில்லை. சவுண்டு பார்க்கும் பெண் கட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு எடுத்தாள் பாருங்கள் ஒரு முடிவு: மைக்கையே மருந்துப் பற்றுக்குள் வைத்துத் தைத்துவிடலாம்! தைத்தது நான். இப்போது எல்லன் மூச்சை இழுத்துப் பிடிப்பதுகூட அரங்கம் முழுக்கக் கேட்கிறது. ரயில் பெட்டியில் பயத்தில் அவள் மூச்சு திணறும்போது நமக்கும் திணறுகிறது. எல்லனை மறைத்த அதே கட்டு, நமக்கு அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். எல்லனாக நடிக்கும் பெண் நல்ல கறுப்பு நிறம். வெளுக்கப் பவுடர் போடலாமா என்ற பேச்சு தொடக்கத்தில் வந்தது. அவளே வேண்டாம் என்றுவிட்டாள். தொப்பியும் நடையும் போதும், பார்க்கிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும் என்றாள். நம்பத்தான் செய்கிறோம். அவள் முதுகை நிமிர்த்தி, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், உலகமே தனக்கு வழிவிடும் என்ற தோரணையில் இரண்டடி எடுத்து வைக்கிறாள். அவ்வளவுதான், ராஜபார்ட்! அந்த நடையைப் பழக அவள் பள்ளி வராந்தாவில் நாள் கணக்காக நடந்தாள். வில்லியமோ அதற்கு நேர்மாறாகப் பழகினான். தோள் ஒடுங்க, பார்வை தரையில், ஆனால் காது மட்டும் நாலு பக்கமும். இருவரும் அடுத்தடுத்து நடந்து வரும்போது, வெள்ளையர் ஆதிக்கம் என்பது எவ்வளவு தூரம் நடையிலும் உடுப்பிலும் கட்டி நிறுத்தப்பட்ட வேஷம் என்று ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

"ஐந்து நிமிடம்!" என்று ஸ்டேஜ் மேனேஜர் குரல் கொடுக்கிறாள். அறை அறையாக, மூலை மூலையாகப் பதில் வருகிறது: "நன்றி, ஐந்து!" கேட்டோம் என்பதற்கு அமெரிக்க நாடகக் கொட்டகைகளில் இதுதான் வழக்கம். தரையெங்கும் இருட்டில் ஒளிரும் டேப் துண்டுகள். நாற்காலி எங்கே வரும், பெட்டி எங்கே வரும் என்பதற்கு நிறம் நிறமாக அடையாளம். பொருள்கள் வைக்கும் மேசையில் பழுப்பு டேப்பால் கட்டம் போட்டு ஒவ்வொன்றின் பெயரும் எழுதியிருக்கிறார்கள்: கத்தரி, கைத்தடி, ரயில் டிக்கெட், கைமணி, வைத்தியக் குறிப்பு. பச்சைக் கண்ணாடியின் கட்டத்துக்கு மேல் யாரோ புதிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'லைட் போர்டு தொடக்கூடாது.'

ரயிலுக்குப் பணம் கிடையாது. வகுப்பறை மரநாற்காலிகள்தான் ரயில். முன்னால் இரண்டு வரிசை வெள்ளையர் பெட்டி, பின்னால் கறுப்பர்களுக்கான பெட்டி. நடுவில் சுவர்கூட இல்லை, ஆனால் யாரும் தாண்டுவதில்லை. சத்தம்? உப்புத்தாள் ஒட்டிய மரக்கட்டைகளை நாலு பிள்ளைகள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் உரசுகிறார்கள். 'குச்சு குச்சு குச்சு' என்று ஆரம்பித்து வேகம் பிடிக்கும்போது சத்தியமாக ரயில்தான்! நீராவிக் கப்பலின் ஊதலுக்குக் கண்ணாடி சோடா பாட்டில்கள், வேறு வேறு அளவில் தண்ணீர். நானும் ஒன்றை ஊதிப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா!

பயணத்தின் முதல் காட்சியே வயிற்றைக் கலக்கும். மேக்கன் ஸ்டேஷன். பட்டறை முதலாளிக்கு ஏதோ பொறிதட்டி, ரயிலேறி ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்க்கிறான். எல்லனைப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. வில்லியம் இருக்கும் பெட்டியை நெருங்குவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அப்பாடா என்று எல்லன் திரும்பினால், பக்கத்து ஸீட்டில் கிரே! அவள் முதலாளியின் பழைய நண்பர். முந்தின நாள்தான் அந்த வீட்டில் சாப்பிட்டுப் போனவர். எல்லனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் அவளைப் பார்த்து, இன்றைக்கு வானிலை நன்றாக இருக்கிறது என்று பேச்சைத் தொடங்குகிறார். அவள் என்ன செய்தாள்? காது கேட்காதவனாகிவிட்டாள்! அவர் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்க, பெட்டியிலிருந்தவர்கள் சிரிக்க, கடைசியில் அவர் கைவிட்டார். இது வில்லியமும் எல்லனும் தங்கள் புத்தகத்தில் எழுதிய நிஜச் சம்பவம். கிரேயாக நடிக்கும் பையனுக்கு வெண்கலக் குரல். ஒத்திகையில் அவன் கத்திய கத்தலில் வராந்தாவில் போன துப்புரவுத் தொழிலாளி கதவைத் திறந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வருகிறது. அடுத்த நொடி, அந்தச் சிரிப்புக்குள் ஓர் உயிர் ஊசலாடுவது உறைக்கிறது.

எனக்கு உயிரான காட்சி வேறு. விர்ஜீனியாவில் ஒரு கனவானும் அவர் மகள்களும் நோயாளி இளைஞன்மேல் இரக்கப்படுகிறார்கள். வாதத்துக்கு மருந்துக் குறிப்பு ஒன்றை எழுதி அவர் கொடுக்கிறார். எல்லன் கையில் காகிதம். அதில் இருப்பதை அவளால் படிக்க முடியாது. தலைகீழாகப் பிடித்துவிட்டால்? நன்றி சொல்லி, பார்க்காமலேயே பாக்கெட்டில் வைத்துவிட்டாள். புத்தகத்தில் ஒரு வரியில் போகிற விஷயம். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் காகிதம் அவள் கைக்கு வந்ததும் உப்புத்தாள் ரயில் நின்றுவிடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் காகிதத்தின்மேல் ஓடுகிறது. விரல் அதைத் திருப்பப் பார்த்து, வேண்டாம் என்று நிற்கிறது. மடித்து உள்ளே வைக்கிறாள். ரயில் மறுபடி ஓடுகிறது. எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பயத்தைப் பக்கம் பக்கமாகப் பேசலாம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அதை ஒரு காகிதத்தில் எழுதிவிட்டாள். வசனமே இல்லாத அந்தக் காட்சியை எழுதியவள் அவள்தான். பெயரைச் சொல்ல முடியவில்லையே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

ஏலக் காட்சி ஒத்திகை நடக்கும் நாளில் யாரும் விளையாடுவதில்லை. முதலாளியின் கடனுக்காக வில்லியமையும் அவன் தங்கையையும் ஏலம் விட்டார்கள். அப்போது வில்லியமுக்குப் பதினாறு வயது. தங்கை ஒருவருக்கு, அவன் இன்னொருவருக்கு. விடைபெறக்கூட விடவில்லை. இதை மேடையில் எப்படிக் காட்டுவது என்று பிள்ளைகள் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். தங்கையாக யாரையும் மேடையேற்றி விலை பேசவிட மாட்டோம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று. கடைசியில் இப்படிச் செய்திருக்கிறார்கள்: மேடையில் வெறும் பெட்டி ஒன்று. வில்லியம் தூரத்தில் நிற்கிறான். ஏலக் குரல் மேடையிலிருந்து வருவதில்லை. பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. விலை ஏற ஏற, ஏலம் கேட்கும் கூட்டத்துக்கு நடுவே நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிகிறது. சுத்தியல் அடிக்கும் வேலையை ஒருவருக்கே கொடுக்காமல் ஒவ்வொரு நாளும் ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துக்கொள்கிறார்கள். காட்சி முடிந்ததும் கட்டாய இடைவேளை. எல்லாரும் வட்டமாக நின்று, தன் சொந்தப் பெயரையும், அன்று சாப்பிட்டது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பாத்திரத்தை இறக்கி வைக்கும் சடங்கு அது. ஆலோசகர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த ஒரு சொல்லும் நாடகத்தில் எங்கேயும் இல்லை. அது வரலாற்றில் இருந்ததே என்று ஒருவன் வாதாடினான். இருந்தது, ஆனால் எங்கள் பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள் என்று மற்றவர்கள் சொன்னதும் அடங்கிவிட்டான்.

ஒப்பனை அறைச் சுவரில் இரண்டு படங்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று வில்லியம் வெல்ஸ் பிரவுன். 1834ல் தானும் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர். எல்லனையும் வில்லியமையும் 1849ல் ஊர் ஊராக மேடையேற்றிப் பேச வைத்தவர். 1858ல் அவர் வெளியிட்ட 'தப்பியோட்டம், அல்லது விடுதலைக்கு ஒரு பாய்ச்சல்' என்பதுதான் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் நாடகம். அதைப் போடக் குழு இல்லை, கொட்டகை இல்லை. எல்லாப் பாத்திரத்தையும் அவரே குரல் மாற்றி மாற்றி மேடையில் வாசித்தார். ஓர் ஆள், ஐந்து அங்கம்! முழு நாடகமாக அது மேடையேற 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு படம் பாலின் ஹாப்கின்ஸ். இந்தக் குழுவுக்குக் குலசாமி என்றே சொல்லலாம். பாஸ்டன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பதினைந்து வயதில் ஒரு கட்டுரைப் போட்டியில் ஜெயித்துப் பத்து டாலர் தங்கம் பரிசு வாங்கினார். அந்தப் போட்டியை நடத்தியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே வில்லியம் வெல்ஸ் பிரவுன்! இருபது வயதில், அடிமைகள் தப்பிப்பதைப் பற்றி இசை நாடகம் ஒன்று எழுதினார். 1880 ஜூலை 5ஆம் தேதி பாஸ்டனின் ஓக்லண்ட் கார்டனில் அது மேடையேறியது. ஹாப்கின்ஸ் தானும் நடித்தார், குடும்பமே சேர்ந்து பாடியது. ஆக, இந்தப் பிள்ளைகள் செய்வது புதுமை அல்ல, அவர்களுக்கு வம்சாவளி இருக்கிறது. அது தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் மேடைக்குப் போகுமுன் ஹாப்கின்ஸ் படத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள். நானும் தட்டுகிறேன்.

மறுபடி பயணத்துக்கு வருவோம். சார்ல்ஸ்டனில் சுங்க அலுவலகம் வரும் காட்சி எனக்குத் துணி மாற்றும் நேரம், பக்கத்துத் திரையிலிருந்து எட்டித்தான் பார்த்தேன். கையெழுத்துப் போடு என்கிறான் அதிகாரி. கை கட்டில் இருக்கிறது, நீங்களே போடுங்கள் என்கிறார் மிஸ்டர் ஜான்சன். முடியாது என்கிறான். முந்தைய கப்பலில் கூட வந்தவர் ஒருவர் நடுவில் புகுந்து சிபாரிசு செய்யத் தப்பிக்கிறார்கள். எல்லாக் காட்சியிலும் இதே கண்ணாமூச்சிதான்.

அதிகம் பதறுவது பால்ட்டிமோரில். அடிமை மாநிலத்தின் கடைசிப் பெரிய ஸ்டேஷன், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. இந்த அடிமை உங்களுடையவன்தான் என்பதற்குச் சான்று காட்டாமல் ஏற விடமாட்டோம் என்கிறார்கள். காட்ட ஒன்றும் இல்லை. எல்லன் நிற்கிறாள். வில்லியம் நிற்கிறான். அதிகாரி தலையைச் சொறிகிறான். அப்போது அடிக்கிறது ரயில் மணி! என்ன செய்வதென்று தெரியாமல், நோயாளியாயிற்றே, போகட்டும் என்று விட்டுவிட்டான். ஒரு மணியோசையில் தொங்கிய உயிர்கள். மேடையில் அந்த மணியை அடிப்பது பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன். ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்செட்டில் "மணி, தயார்" என்கிறாள். அவன் இரண்டு கையாலும் மணியைப் பிடித்துக்கொண்டு, நாக்கு ஆடாமல் விரலால் அமுக்கிக்கொண்டு, வியர்த்து நிற்கிறான். அவள் சீக்கிரம் "கோ" சொல்ல மாட்டாள். நீட்டுகிறாள், இன்னும் நீட்டுகிறாள். அரங்கத்தின் மூச்சை அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள். "கோ!" மணி அடித்ததும் அந்தப் பொடியன் சத்தம் வராமல் குதித்த குதி இருக்கிறதே, அதை முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரும் பார்க்கப் போவதில்லை. நான் பார்த்தேன்!

ஃபிலடெல்ஃபியாவில் இறங்கியதும் திரை போட்டுவிடலாம் என்பதுதான் முதல் திட்டம். சொந்த ஊர், கிறிஸ்துமஸ் காலை, கைதட்டல். ஆனால் கதை அங்கே முடியவில்லை என்று ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள். 1850ல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. பாஸ்டனில் குடியேறியிருந்த இருவரையும் பிடிக்க மேக்கனிலிருந்து ஆள் வந்தார்கள். வில்லியம் அடைக்கலம் புகுந்த வீடு லூயிஸ் ஹேடனுடையது. அவரும் கென்டக்கியிலிருந்து தப்பி வந்தவர்தான். ஆள்பிடிகள் உள்ளே வந்தால் வீட்டையே தகர்ப்பேன் என்று வெடிமருந்துப் பீப்பாய் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு ஹாலிஃபாக்ஸ் வழியாக லிவர்பூல். இங்கிலாந்தில் பதினெட்டு வருடம் போல. சரே மாவட்டத்தின் ஆக்கம் பள்ளியில் படிப்பு, ஐந்து பிள்ளைகள், 1860ல் லண்டனில் அந்தப் புத்தகம். உள்நாட்டுப் போர் முடிந்து 1868ல் திரும்பி வந்தார்கள். முதலில் எடுத்த பண்ணையை இரவில் வந்தவர்கள் கொளுத்தினார்கள். அசரவில்லை. எந்த ஜார்ஜியாவிலிருந்து தப்பி ஓடினார்களோ அதே ஜார்ஜியாவில், விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

இவ்வளவையும் பிள்ளைகள் ஒரே மூச்சில், அதே நாற்காலிகளைச் சுழற்றிச் சுழற்றி, பத்து நிமிடத்துக்குள் ஓட்டிக் காட்டுகிறார்கள். கடைசியில் நாற்காலிகள் நாற்காலிகளாகவே ஆகிவிடுகின்றன. வகுப்பறை! எல்லன் கைக்கட்டை அவிழ்த்து, கரும்பலகையில் தன் பெயரை எழுதுகிறாள். ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே, ஊருக்கு வெளியே அவர்களை வைத்துக் காப்பாற்றிய ஐவன்ஸ் குடும்பத்தின் வீட்டில் அவர்கள் இருவரும் பெயர் எழுதப் பழகிவிட்டார்கள் என்பதும் வரலாறு.

அடிமைத்தனத்தைப் பற்றிய கதை என்றால் சாட்டையையும் கண்ணீரையும் மட்டுமே எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். அந்தக் கொடுமையை ஓர் இழையும் குறைக்காமல், அதற்கு எதிரே நின்ற மூளையையும் துணிச்சலையும் குறும்பையும் கொண்டாடத் தெரிந்திருக்கிறது இந்தப் பிள்ளைகளுக்கு. எல்லன் பாவப்பட்டவள் மட்டும் அல்ல. தையல்காரி, ஒப்பனைக் கலைஞர், கதாசிரியர், நடிகை எல்லாமே அவள்தான். நான்கு நாள், ஆயிரம் மைல், ஒரு இடைவேளைகூட இல்லாத நடிப்பு. பெரிய கொட்டகைகளில் பெரிய செலவில் பார்த்த பல நாடகங்களைவிட இது உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

கிராஃப்ட் தம்பதியின் அந்தப் புத்தகத்தின் பெயர் 'விடுதலைக்காக ஆயிரம் மைல் ஓட்டம்'. ரொம்பச் சின்னது, ஒரே நாளில் படித்து முடிக்கலாம். காப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது, ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள். அதை அவர்கள் நடித்துப் பார்க்க ஆசைப்பட்டால், நாற்காலிகளை இழுத்துப்போட இடம் விட்டுக் கொடுங்கள்.